ஆடு தின்னாத செடி

மதியம் ஒன்று பத்துக்குப் பதினேழு பிள்ளைகளும் தூங்கிவிட்டதாக எண்ணி முடித்தாள் வெள்ளைத்தாய். முடித்த கையோடு வாசல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். முந்தாநாள் காலை வரைக்கும் பதினெட்டு. பதினெட்டாவது பாய் சுருட்டியபடி சுவரில் சாய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் அவளே மார்க்கரால் எழுதிய ‘மகிஷா’. கண்மாய்க்கரைத் தெரு அங்கன்வாடிக்கு டீச்சராக வந்து பத்தொன்பது வருஷம். காய்ச்சல், ஊர்க் கொடைத் திருவிழா, அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் சண்டை என்று எத்தனையோ பிள்ளைகள் வராமல் இருந்திருக்கிறார்கள். எந்தப் பாயும் இப்படி ஆள் மாதிரி நின்று அவளைப் பார்த்ததில்லை. எடுத்து உள்ளே வைக்கலாம் என்று நினைத்தாள். வைத்தால் அது என்னவோ முடிந்துபோன காரியம் மாதிரி ஆகிவிடும், இருக்கட்டும். மேசைமேல் ஒரு வெள்ளைத்தாள், பேனா, செல்போன். போனில் சூப்பர்வைசர் மேடம் அனுப்பிய வாசகம். அதைப் பார்த்துத் தன் கையெழுத்தில் எழுதி, கையொப்பம் போட்டு, போட்டோ எடுத்து ரெண்டரைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ‘மேற்படி குழந்தை 18.06.2019 அன்று காலை தனது வீட்டில் உண்ட கெட்டுப்போன உணவின் காரணமாக வாந்தி ஏற்பட்டு.’ மேற்படி. நாலு வயசுப் பிள்ளை, இடது கையால்தான் சாப்பிடும், ‘ர’ வராது, ரயிலை லயில் என்று சொல்லும், அது மேற்படி குழந்தை. வாசகத்துக்குக் கீழே மேடத்தின் குரல் பதிவு ஒன்றும் இருந்தது. வெள்ளைத்தாய் அதை மூன்று தடவை கேட்டுவிட்டாள், நாலாவது தடவை கேட்க வேண்டியதில்லை, தானாகவே காதில் ஓடியது: “வெள்ளைத்தாய்ம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வேலின்னு எழுதினா வேலியை யார் வச்சான்னு கேப்பாங்க. யார் வச்சது? சொல்லுங்க. அதனால மூணு மணி மீட்டிங்குக்கு முன்னாடி நான் அனுப்பினதை அப்படியே எழுதிடுங்க. பிள்ளை பிழைச்சிரும், எல்லாம் சரியாப் போயிரும்.”

யார் வைத்தது? ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் அரளி ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. பூ கொத்துக் கொத்தாக, காய் பச்சைப் பசேலென்று. ஆனி மாசக் காற்றுக்குக் கிளைகள் ஜன்னல் கம்பியில் உரசி உரசி விலகின. இருபத்திமூன்று செடி. இந்தக் காற்றுக்குப் பிள்ளைகள் நன்றாகத் தூங்கும். கடைசிப் பாயில் கவினேஷ் புரண்டு படுத்தான், வாய் திறந்திருந்தது. எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள். உதட்டில் வெள்ளையாக ஏதோ. விரலால் துடைத்து முகர்ந்தாள், சத்துமாவு. சத்துமாவுதான். அன்றைக்கும் மகிஷாவின் உதட்டில் வெள்ளையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணி, பிள்ளைகள் வேலியோரம் சொப்பு வைத்து விளையாடிவிட்டு உள்ளே வந்தபோது பார்த்தாள். இதே இரண்டு கண்ணால் பார்த்தாள், சத்துமாவு என்று நினைத்து முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைத்தது பால். அரளிப் பால். பன்னிரண்டரைக்கு முதல் வாந்தி. ஆயா மாரிக்கனி, “கண்ணு பட்டுருக்கு டீச்சர், காலைல அந்தப் பாவாடைய பாத்து நாலு பேரு நின்னு பேசுனாளுவ” என்று உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். மிளகாய் வெடித்தும் நெடி வரவில்லை, கண்ணேறுதான் என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். அதைப் பார்த்துக்கொண்டு வெள்ளைத்தாயும் நின்றாள். பன்னிரண்டாவது முடித்து, ஆறு பயிற்சிக்குப் போய் வந்து, சுவரில் ‘கை கழுவுவோம்’ என்று ஒட்டியிருக்கும் வெள்ளைத்தாய் நின்றாள். அதற்கு எவ்வளவு நேரம்? முப்பது நிமிஷம்? நாற்பது? இரண்டாவது வாந்திக்கு மாரிக்கனி, “புளியக் கரைச்சு ஊத்துவோம், உள்ள இருக்கதெல்லாம் வெளிய வந்துரும்” என்றாள். சரி என்று வெள்ளைத்தாய் தலையை ஆட்டினாள். டப்பாவைத் திறந்தால் புளி இல்லை. அந்த மாசத்துச் சாமான் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா, “வாயில எதுவும் ஊத்தலையே?” என்று கேட்டதற்கு, “இல்லம்மா” என்றாள். “ரொம்ப நல்ல காரியம். ஊத்தியிருந்தா மூச்சுக்குழல்ல போயிருக்கும். விவரமா இருந்திருக்கீங்க” என்றாள் டாக்டரம்மா. விவரம்! டப்பாவில் புளி இல்லாத விவரம். இதையும் எழுதலாமா அந்தத் தாளில்?

கண்டுபிடித்துச் சொன்னது ஒரு பிள்ளை. ரோஷிணி, இதோ இரண்டாவது பாயில் கட்டை விரலைச் சப்பிக்கொண்டு கிடக்கிறதே, இதுதான் வந்து சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: “டீச்சர், மகிஷாதான் கொழுக்கட்டைய கடிச்சுட்டா. நான் சும்மாதான் அவிச்சேன். நெசமா தின்னக் கூடாதுன்னு சொன்னேன்.” செவ்வாய்க்கிழமை சாப்பாட்டில் கொழுக்கட்டை கிடையாது. எந்தக் கிழமையும் கிடையாது. வெள்ளைத்தாய் வேலிக்கு ஓடினாள். செங்கல் அடுப்பில் சொப்புப்பானை, பானைக்குள் ஐந்து அரளிக்காய், நடுவில் மேடு தட்டிய பச்சைக் கொழுக்கட்டை, யார் பார்த்தாலும் கொழுக்கட்டைதான். ஆறாவது கீழே கிடந்தது, மண் ஒட்டி, பல் பதிந்து, அதில் ஒரு பக்கமே இல்லை. அந்த ஒரு பக்கம் எங்கே போயிற்று? துப்பினாளா, விழுங்கினாளா? கசக்குமே, அந்தக் கசப்புக்குப் பிள்ளை துப்பியிருக்குமே. துப்பியது என்றால் வாந்தி ஏன்? காயைக் கைக்குள் பொத்திக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோ. வழியெல்லாம் கையைத் திறக்கவில்லை. திறந்தால் பொய்யாகிவிடும் என்பது மாதிரி. மருத்துவமனையில் டாக்டரம்மா கையைத் திறக்கச் சொல்லி, பார்த்த உடனே முகம் மாறி, “இதை மட்டும் கொண்டாரலைன்னா நான் வயித்துக்குத்தான் பாத்துட்டு இருந்திருப்பேன்” என்றாள். பிள்ளையின் நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். பெட்டியில் பச்சை எழுத்தில் நாடித்துடிப்பு ஐம்பத்திரண்டு. “எவ்வளவு இருக்கணும் டாக்டர்?” “நூறாவது இருக்கணும்.” அன்றிலிருந்து ஐம்பத்திரண்டு அவள் கூடவே வருகிறது. பஸ் நம்பரில், ரேஷன் கார்டில். இப்போதுகூடப் பாருங்கள், பதினேழை எண்ணி முடித்த வாய் அடுத்ததாக ஐம்பத்திரண்டு என்றுதான் சொல்ல வருகிறது.

வைத்தது நான்தான். சொல்லிப் பார்த்தாள், சத்தம் வராமல். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த மையத்துக்குக் காம்பவுண்டு கிடையாது. மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. கண்மாய்க்குப் போகிற ஆடு அத்தனையும் இந்த வழி. முருங்கைப் போத்து ஊன்றினாள், மூன்றாம் நாள் மொட்டை. செம்பருத்தி வைத்தாள், தண்டுகூட மிஞ்சவில்லை. மருதாணி வேலி வைத்தால் ஆடு தொடாது என்றார்கள், அந்த ஆடுகளுக்கு அது தெரியவில்லை. ஒரு நாள் ஒரு கிடா உள்ளேயே வந்து, சுண்டல் தட்டில் வாயை வைத்து, இரண்டு பிள்ளைகளை முட்டித் தள்ளிவிட்டுப் போயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்குப் பைபாஸில் நிற்கும்போதுதான் பார்த்தாள். ரோட்டின் நடுவில் மஞ்சள் அரளி வரிசை. பக்கத்தில் முப்பது நாற்பது ஆடு, புல் பூண்டு விடாமல் மேய்ந்துகொண்டு, அரளியை மட்டும் மூக்கால் தொட்டுவிட்டு விலகிப் போயிற்று. ஒன்றுகூட ஓர் இலையைக் கடிக்கவில்லை. அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! பொறுக்கி எடுத்த விதைகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து பாலிதீன் பையில் முளைக்க வைத்தாள். ஆடு ஏன் தின்னவில்லை என்று நின்று யோசிக்க வேண்டியவள் அவள். அந்தப் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? எத்தனை வீட்டில் இந்தப் பெயரைச் சொல்லி அழுதிருக்கிறார்கள்? பெரியவர்கள் சாவுக்கு ஒரு அரளி, வேலிக்கு ஒரு அரளி, சாமிக்கு ஒரு அரளி என்று மூன்றும் மூன்று செடி மாதிரி மனசில் தனித்தனியாக இருந்தது. ஆட்டு மூளைக்கு எட்டியது டீச்சருக்கு எட்டவில்லை. ஆடு தின்னாத ஒன்றைத் தேடிப் பிடித்து, எதையும் வாயில் வைக்கிற பதினெட்டுப் பிள்ளைகளைச் சுற்றி நட்டாள். இரண்டு வருஷத்தில் வேலி அடைத்து வளர்ந்தது, மூன்றாம் வருஷம் ‘பசுமை மையம்’ என்று பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அது எதிர்ச்சுவரில் தொங்குகிறது, அவள் பெயரோடு. யார் வச்சான்னு கேப்பாங்க என்கிறாரே மேடம், கேட்க வேண்டியதே இல்லை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

மணி ஒன்று முப்பத்தைந்து. தாள் வெள்ளையாகவே இருந்தது. அவள் கண் உள்ளேயும் வெளியேயும் செடி செடியாகத் தாவியது. வாசல் தொட்டியில் வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலைச்செடி, ஏதோ திறப்பு விழாவில் யாரோ கொடுத்தது, பெயர்கூடத் தெரியாது. நேற்று டாக்டரம்மாவிடம் போனில் படம் காட்டிக் கேட்டாள். கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சே வராது என்றாள். மணி பிளான்ட்? அதுவும் வாய் எரியும். பின்பக்கம் தானாக முளைத்த ஆமணக்கு. வாய்க்கால் ஓரம் ஊமத்தை, முள்ளுக்காயைப் பந்து என்று எத்தனை தடவை எறிந்து விளையாடியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க டாக்டரம்மா சிரித்துவிட்டாள்: “என்னம்மா இது, தேடித் தேடி வச்ச மாதிரி இருக்கு?” யாரும் தேடவில்லை. எந்த வீட்டிலும் இருக்கிறதுதான். எந்தத் தெருவிலும். இப்போதுதான் அலமாரியில் அந்தக் கண்ணாடிப் பாட்டில் கண்ணில் பட்டது. குண்டுமணி. சிவப்பும் கறுப்புமாக, எண்ணிக்கை சொல்லிக் கொடுக்கிற குண்டுமணி. அதுவும் விஷம்தான். பாட்டிலின் மேல் ‘50’ என்று அவள் கையெழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று பிள்ளைகளின் உள்ளங்கையில் அவளே வைத்திருக்கிறாள், மூடுடா, திற, எத்தனை? மேசையில் கொட்டி எண்ணினாள். நாற்பத்தெட்டு. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டாள். மறுபடி. நாற்பத்தெட்டு. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள், பாய்களுக்கு இடையில் பார்த்தாள், கவினேஷின் மூக்கைப் பார்த்தாள், ரோஷிணியின் விரலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அது சிணுங்கிவிட்டு மறுபடி வைத்துக்கொண்டது. இரண்டு எங்கே? எந்தப் பிள்ளை? எந்த மாசம்? எந்த வருஷம்? நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது, அவளுக்கு மட்டும் நூறுக்கு மேல். அப்போது அலமாரியின் மேல்தட்டிலிருந்து யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. போன ஆவணியில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்த களிமண் பிள்ளையார். தும்பிக்கை உதிர்ந்துபோய், இரண்டு சிவப்புக் கண்ணோடு உட்கார்ந்திருந்தார். குண்டுமணிக் கண். ஐம்பது. வெள்ளைத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அடக்கினாள், அடக்கியது கண் வழியாக வந்தது. பிள்ளையாரை இறக்கி, ஆணியால் இரண்டு கண்ணையும் நோண்டி எடுத்து, ஐம்பதையும் ஒரு பையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். குழியோடு பிள்ளையார் மேலே போனார்.

வாசலில் தலைக்குக் கை வைத்துப் படுத்திருந்த மாரிக்கனி கண்ணைத் திறந்தாள். “என்ன டீச்சர், சாமி கண்ணத் தோண்டுதீங்க?”

“கெடந்து தூங்குடீ. சாமிக்கு வேற கண்ணு வைப்போம், மிளகு வைப்போம்.”

“மிளகு மட்டும் ஸ்டாக் இருக்காக்கும்” என்றுவிட்டு மாரிக்கனி மறுபடி கண்ணை மூடினாள்.

போன் அதிர்ந்தது. மகிஷாவின் அம்மா ஜெயக்கொடி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை, குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனியில் ரேகையே இராது. இரண்டு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கிறாள். எடுக்கப் பயமாக இருந்தது. எடுக்காமல் இருக்க அதைவிடப் பயமாக இருந்தது. “டீச்சர், அறுவத்தெட்டுன்னு காட்டுது டீச்சர். கூடுதுன்னு நர்சம்மா சொன்னாக. தண்ணி வேணும்னு கேட்டா.” அறுபத்தெட்டு. வெள்ளைத்தாய் அதை உள்ளுக்குள் ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தாள், பதினாறு. இன்னும் வேண்டும். ஆனால் பதினாறு. ஜெயக்கொடி நிறுத்தவில்லை, குரல் தாழ்ந்தது, யாருக்கோ ஒளித்துப் பேசுவது மாதிரி. “டீச்சர், ஒங்க சூப்பர்வைசரம்மா வந்திருந்தாக. காலைல என்ன குடுத்தேன்னு கேட்டாக. இட்லியும் தேங்காச் சட்னியும்னேன். முந்தின நாள் சட்னியான்னாக. இல்லம்மா, காலைல அரச்சதுன்னேன். நல்லா யோசிச்சுச் சொல்லுன்னாக. யோசிச்சா எனக்கே ஒண்ணும் வெளங்கல டீச்சர். ராத்திரி ஷிப்டு முடிச்சு வந்து அரச்சேனா, காலைல அரச்சேனா? அதான் ஆமான்னுட்டேன். கையெழுத்தும் வாங்கிட்டாக. என் மாமியா வந்து நின்னுகிட்டு, பெத்த பிள்ளைக்கு ஊசுன சட்னி குடுத்தவன்னு வராந்தாவுல வச்சு ஏசுதாக. நாந்தானா டீச்சர்? நாந்தான் குடுத்துட்டனா?”

“நீ இல்ல” என்றாள் வெள்ளைத்தாய்.

“இல்ல டீச்சர், யோசிச்சுப் பாத்தா...”

“நீ யோசிக்காத ஜெயக்கொடி. அரளிக்காய். என் கையால நான் கொண்டு போய் டாக்டர்கிட்ட குடுத்தேன், பல்லு பதிஞ்ச காயி. அரளிய இங்க வச்சது நான். ஒன் மாமியாகிட்ட போனக் குடு, நான் சொல்லுதேன்.”

கொடுத்தாள். மாமியாரிடம் அதையே சொன்னாள், ஒரு வார்த்தை குறைக்காமல். எதிர்ப்பக்கத்திலிருந்து வசவு வந்தது, முழுக்க அவளுக்கு, அவளுடைய ஏழு தலைமுறைக்கும். காதில் வைத்துக் கேட்டாள். வாங்க வேண்டிய இடத்தில்தான் வாங்குகிறோம் என்று இருந்தது. போன் அணைந்த பிறகு பேனாவை எடுத்தாள். இப்போது கை ஓடியது. ‘மேற்படி’ என்று ஆரம்பித்து, அதை அடித்து, ‘மகிஷா, வயது நான்கு’ என்று எழுதினாள். ‘மையத்தின் வேலியில் இருந்த மஞ்சள் அரளிக் காயைக் கடித்தாள். அந்த வேலியை 2010இல் நட்டவள் நான். ஆடு தின்னாது என்பதற்காக நட்டேன். வாயில் பாலைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. நாற்பது நிமிடம் வீணாயிற்று. தாயார் கொடுத்த உணவில் குறை இல்லை.’ புளி விஷயத்தையும் எழுதினாள். கையொப்பம். படம் எடுத்தாள். மேடத்துக்கு மட்டும் அனுப்பினால் அது மேடத்தின் போனிலேயே படுத்துவிடும். வட்டாரத்தின் எழுபத்திரண்டு டீச்சர்களும் இருக்கிற குரூப்பில் போட்டாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘அவரவர் வேலியைப் போய்ப் பாருங்கள். பிள்ளை எதையாவது கடித்தால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், செடியில் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.’ மணி ஒன்று ஐம்பத்தெட்டு. உடனே மேடத்தின் அழைப்பு வந்தது. போனை மேசை டிராயருக்குள் வைத்து மூடினாள். அது உள்ளே கிடந்து வண்டு மாதிரி உருண்டது.

மாரிக்கனியை எழுப்பி வாசலை மறித்து உட்காரச் சொன்னாள், ஒரு பிள்ளை முழித்தாலும் வெளியே விடாதே என்று. இரண்டு கைக்கும் பாலிதீன் பை மாட்டி மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு, விறகுக்கு வைத்திருந்த வெட்டரிவாளோடு வெளியே வந்தாள். முதல் செடி. ஒன்பது வருஷத் தண்டு, மணிக்கட்டுக் கனம். முதல் வெட்டு சறுக்கியது, இரண்டாவது இறங்கியது, வெள்ளைப் பால் கோடாக வழிந்தது. வழியட்டும். தண்ணீர் ஊற்றிய கைதான், சித்திரை வெயிலில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிய கை. நீ நன்றாகத்தான் வளர்ந்தாய், உன் மேல் குற்றமில்லை, தேடிக் கொண்டு வந்து நட்டவள் நான். மூன்றாவது செடி சாயும்போது பொன்ராசு அண்ணாச்சி பூக்கூடையோடு வந்து நின்றார். அம்மன் கோயில் கமிட்டி. தினமும் மாலைக்கு இங்கேதான் பறிப்பார்.

“ஏ வெள்ளத்தாயி! கிறுக்குப் பிடிச்சிருச்சா? பூக்குற செடி மேல பொம்பள அரிவா வைக்கலாமா? ஆத்தாளுக்குப் போற பூ!”

“ஆத்தாளுக்குச் செவ்வந்தி வாங்கிப் போடுங்க அண்ணாச்சி. தள்ளி நில்லுங்க, பால் தெறிக்கும்.”

“ஒரு பிள்ள தெரியாமக் கடிச்சிருச்சு, அதுக்கு வேலியவே அழிப்பியா? நாங்கள்லாம் இந்தக் காய வச்சு வெளையாடாமலா வளந்தோம்? செத்தா போயிட்டோம்?”

“செத்ததுக வந்து சொல்லாது அண்ணாச்சி. இருக்கவங்க மட்டும்தான இங்க வந்து பேசுதீங்க?”

அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். அப்புறம், “இது கமிட்டிக்கு எழுதிக் குடுத்துப் பெர்மிசன் வாங்க வேண்டிய காரியம். நான் மேல சொல்லுவேன்” என்றார்.

“சொல்லுங்க. நானே சொல்லிட்டேன், நீங்களும் சொல்லுங்க. போகும்போது கீழ கெடக்குற காயில நாலு பொறுக்கிட்டுப் போங்க, ஒங்க பேத்தி சொப்புப்பானைக்கு.”

அண்ணாச்சி கூடையைப் பார்த்தார். அவருடைய பேத்தி உள்ளே ஆறாவது பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பி நடந்தார், போகிற வழியில் கூடையை வேலியோரம் கவிழ்த்துவிட்டுப் போனார். நாலாவது செடி. தோள் கடுத்தது. எரிக்கக் கூடாது, புகையும் ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் குழி வெட்டித்தான் புதைக்க வேண்டும், காய் ஒன்றுகூட மிஞ்சாமல் பொறுக்க வேண்டும், தூர் தோண்ட ஆள் வேண்டும். நாளைக்கு ஆடு வரும். வரட்டும். கிடா வந்து சுண்டல் தட்டைத் தள்ளட்டும், கம்பை எடுத்து விரட்டுகிறேன், ஆட்டை விரட்டலாம், ஆடு கண்ணுக்குத் தெரியும். வேலை போனால்? பத்தொன்பது வருஷம். போனால் போகட்டும் என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாமலே அடுத்த வெட்டு. டிராயருக்குள் போன் உறுமுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. இப்போது தொண்ணூறா? எண்பதா? தண்ணி கேட்டாளாம். ஐந்து. ஆறு. இருபத்திமூன்றில் ஏழாவது சாய்ந்தபோது வேலியில் ஒரு பெரிய வாய் திறந்து, அதன் வழியாகக் கண்மாய் தெரிந்தது. ஒன்பது வருஷமாக அவள் ஜன்னலிலிருந்து பார்க்காத கண்மாய். தண்ணீர் இல்லை, வெடித்த கரம்பை மண், அதில் ஆடுகள்.

உள்ளேயிருந்து ரோஷிணியின் குரல் கேட்டது, தூக்கம் கலையாமல்: “டீச்சர் எங்க?” மணி ரெண்டரை. வெள்ளைத்தாய் அரிவாளைக் கூரைச் சந்தில் செருகி, பைகளைக் கழற்றி, கையை முழங்கை வரை சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். உள்ளே போய், வாசல் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

மீதிச் செடிகளை அந்த வார முடிவுக்குள் வெட்டி முடித்தார்கள். ஜூன் 28 அன்று வெள்ளைத்தாய்க்கு வேறு வட்டாரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. 2019 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை காலை மகிஷா மையத்துக்குத் திரும்பி வந்தாள். அன்றைய வருகை பதினெட்டு. பதிவேட்டில் அதை எழுதியவர் புதிய டீச்சர்.